ரகுநாதன் விட்டுக்கொடுத்த லீவு

சிகந்திராபாத்தில், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் டைம் ஆபீசில் வேதாசலம் என்று ஒரு கிளார்க் இருந்தார். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த தமிழர்களில் பலருக்கு அவரைப் பிடிக்காது. ஊர்க்காரர்கள் என்று ஒரு சலுகை காட்ட மாட்டார், டீ குடிக்கக் கூப்பிட்டால் வர மாட்டார். அவர் சிங்கப்பூரில் பத்து வருஷம், பல தேசத்துச் சர்க்கார்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆபீசில் உத்தியோகம் பார்த்தவர் என்பது இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். அங்கிருந்து ஏன் வந்தார், வந்தவர் ஏன் திரும்பிப் போகவில்லை என்பது அவர்களுக்கும் முழுக்கத் தெரியாது.

அவருடைய அப்பா வாலாஜாப்பேட்டைப் பக்கத்திலிருந்து பாய்லர் வேலைக்கு லாலாகுடா வந்தவர். மூத்தவன் நடேசன் அப்பாவோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். இளையவர் வேதாசலம் மெட்ரிகுலேஷன் முடித்து, ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங்கும் தந்தியும் கற்றுக்கொண்டு, கல்யாணமான மறு வருஷம், முப்பத்தொன்றில், சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். மனைவி செல்லம்மாவும் கூடப் போனாள்.

அந்த ஆபீசின் தலைமையிடம் ஜெனீவாவில் இருந்தது. சிங்கப்பூரில் அதன் சிறிய கிளை ஒன்று. கிழக்கேயுள்ள துறைமுகங்களிலிருந்து வாரா வாரம் தந்தி வரும். எந்த ஊரில் எத்தனை பேருக்குக் காலரா, எத்தனை பேருக்குப் பிளேக், எத்தனை பேருக்கு அம்மை என்று சங்கேத வார்த்தைகளில் இருக்கும். அதைப் பிரித்து, பட்டியலாக டைப் அடித்து, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு அது ரேடியோவில் எல்லாக் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் போகும். வேதாசலம் அந்த வேலையை உயிராக நினைத்தார். கல்கத்தாவில் காலரா குறைந்த வாரம், வீட்டுக்கு வந்து செல்லம்மாவிடம் தன் சொந்தக்காரருக்கு உடம்பு தேறியதுபோலச் சொல்வார்.

மூன்று வருஷம் கழித்து இன்னொரு கிளார்க் வேண்டியிருந்தது. தான் படித்த அதே இன்ஸ்டிட்யூட்டுக்கு வேதாசலம் எழுதினார். மாரேட்பள்ளியிலிருந்து ரகுநாதன் வந்து சேர்ந்தான். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்து சிகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருந்த ஐயர் குடும்பம். வேதாசலத்தைவிட எட்டு வயது சின்னவன். முதல் நாளிலிருந்தே அவரை 'முதலியார்' என்றுதான் கூப்பிட்டான். அவரும் 'ஐயர்' என்று பதிலுக்குக் கூப்பிட்டார். ஒரே மேஜையின் இரண்டு பக்கத்தில் ஏழு வருஷம் உட்கார்ந்தார்கள்.

நாற்பதாம் வருஷம் செல்லம்மாவுக்கு இருமல் வந்து நிற்கவில்லை. காச நோய் என்றார்கள். சேர்ந்திருந்த சம்பள லீவு முழுவதையும் போட்டு அவளைச் சிலக்கலகூடாவில் அண்ணன் நடேசன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேதாசலம் திரும்பிப் போனார். அதே வருஷக் கடைசியில் ரகுநாதனின் மனைவி லலிதாம்பாளும் பிரசவத்துக்காகச் சிகந்திராபாத் வந்தாள். மாசியில் பெண் குழந்தை பிறந்தது. கமலா என்று பெயர் வைத்தார்கள். ரகுநாதன் ஆகஸ்டில் வந்து குழந்தையைப் பார்ப்பதாக இருந்தான். லீவு சாங்க்‌ஷன் ஆகி, ரஜூலா கப்பலில் டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது.

ஜூலை மாதம் நடேசனிடமிருந்து தந்தி வந்தது. செல்லம்மா ரத்தமாகக் கக்குகிறாள், உடனே புறப்படு.

வேதாசலத்துக்குச் சம்பள லீவு மிச்சமில்லை. சம்பளமில்லா விசேஷ லீவு என்று ஒன்று உண்டு, எழுதிக் கேட்கலாம் என்றார் ஆபீஸ் தலைவர். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, அவை சர்வீசிலும் சேராது. எழுத்துமூலம் உத்தரவு வாங்காமல் வேறு எங்கும் வேலை பார்க்கக் கூடாது. குறித்த தேதியில் திரும்பாவிட்டால் ராஜிநாமா செய்ததாகக் கொள்ளப்படும். இதற்கெல்லாம் வேதாசலம் சரி என்றார். கடைசி விதிதான் இடித்தது. இரண்டு கிளார்க்குகளில் ஒருவர்தான் ஒரு சமயத்தில் லீவில் இருக்கலாம். ரகுநாதனுடைய லீவு ஏற்கெனவே சாங்க்‌ஷன் ஆனது.

"நீங்கள் இருவரும் பேசி முடிவுசெய்து கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார் தலைவர்.

பேச்சு ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை. ரகுநாதன் மேஜை டிராயரிலிருந்து தன் லீவு உத்தரவை எடுத்தான், படித்தான், மடித்தான்.

"நீர் போயிட்டு வாரும் முதலியார்."

"குழந்தைய நீ இன்னும் பாக்கல ஐயர்."

"அது எங்கேயும் ஓடிப்போயிடாது. டிசம்பர்ல நீர் வந்து இந்த நாற்காலில உக்காரும், மறுநாளே நான் கப்பல்ல இருப்பேன். தவழற குழந்தையப் பாக்கறதுக்குப் பதிலா நடக்கற குழந்தையப் பாக்கப் போறேன், அவ்வளவுதானே?"

வேதாசலத்துக்கு டிசம்பர் பதினைந்து வரை நான்கு மாத லீவு கிடைத்தது. டிக்கெட்டையும் ரகுநாதன் தன்னுடையதையே பெயர் மாற்றிக் கொடுத்தான்.

சிகந்திராபாத்தில் இறங்கிய மூன்றாம் நாள் வேதாசலம் மாரேட்பள்ளிக்குப் போனார். ரகுநாதன் கொடுத்தனுப்பிய வெள்ளிக் கொலுசையும் இரண்டு பால்பவுடர் டின்னையும் லலிதாம்பாளின் அப்பாவிடம் கொடுத்தார். அவர் ரிட்டயரான போஸ்ட் மாஸ்டர். லலிதாம்பாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள்.

"அவர் இளைச்சிருக்காரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நல்லா இருக்கான். டிசம்பர்ல நான் போனதும் கிளம்பிடுவான்."

"டிசம்பர்" என்று அவள் குழந்தையிடம் சொன்னாள்.

செல்லம்மாவைத் தனி அறையில் படுக்க வைத்திருந்தார்கள். கண்டோன்மென்டிலிருந்து ஒரு டாக்டர் வாரம் இரண்டு முறை வந்து கால்ஷியம் ஊசி போட்டார். வேதாசலமே அவளுக்கு மீனெண்ணெய் கொடுத்தார், எச்சில் கிண்ணத்தைக் கொதிநீரில் அலசினார், தலை வாரிவிட்டார். செப்டம்பர் முழுக்கப் பயமாகத்தான் இருந்தது. அக்டோபரில் ஜுரம் விட்டது. நவம்பர் நடுவில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து எடை பார்த்த டாக்டர், "மூன்று பவுண்ட் ஏறியிருக்கிறது. நீங்கள் தாராளமாக வேலைக்குத் திரும்பலாம்" என்றார். நடேசனின் மனைவி தாயம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அன்று மாலை வேதாசலம் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தார். செல்லம்மா படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, பொங்கல் வரைக்கும் இருந்துட்டுப் போங்களேன்."

"ரகுநாதன் காத்துக்கிட்டிருக்கான் செல்லம்மா. குழந்தைய இன்னும் பாக்கல அவன்."

"அவரு பொண்டாட்டி நல்லாத்தானே இருக்கா? நான் அடுத்த பொங்கலுக்கு இருப்பனோ இல்லையோ."

அவருக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து நின்றார். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் அவருக்கும் இருக்கத்தான் ஆசையாக இருந்தது. பத்து வருஷத்தில் அவளோடு இப்படி முழு நாளும் உட்கார்ந்திருந்ததில்லை. இரண்டு மாதம், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று தீர்மானித்துக்கொண்டார்.

லீவை நீட்டிக்கக் காரணம் காட்ட வேண்டும். மனைவி தேறிவருகிறாள் என்று எழுதினால் கொடுக்க மாட்டார்கள். ஜேம்ஸ் ஸ்ட்ரீட் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து, மனைவியின் நிலைமை மோசமாகிவிட்டதால் பிப்ரவரி பதினைந்து வரை லீவை நீட்டிக்கும்படி டைப் அடித்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அந்த ஆபீசுக்கு எழுதியவற்றில் பொய் என்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

லீவு நீண்டது. ரகுநாதனிடமிருந்து தனியாக ஒரு கடிதம் வந்தது. 'இரண்டு மாசம்தானே முதலியார், இங்கே ஒன்றும் முழுகிப் போகவில்லை. உம் அகத்தில் மோசம் என்று தெரிந்து மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. வெள்ளிக்கிழமை சிராங்கூன் ரோடு கோயிலில் அவர்கள் பேருக்கு அர்ச்சனை பண்ணினேன். தைரியமாக இரும்.'

வேதாசலம் அந்தக் கடிதத்தைச் செல்லம்மாவிடம் காட்டவில்லை. மாரேட்பள்ளிக்கும் போகவில்லை. கணவன் டிசம்பரில் வரப்போவதில்லை என்று லலிதாம்பாளுக்கு ரகுநாதனே எழுதித்தான் தெரிந்தது.

டிசம்பர் எட்டாம் தேதி சிங்கப்பூரில் குண்டு விழுந்தது. வேதாசலம் அதைச் சிகந்திராபாத் ஸ்டேஷனுக்கு எதிரே ஈரானி ஓட்டல் ரேடியோவில் கேட்டார். ஜனவரியில் ஆபீசிலிருந்து தந்தி வந்தது. 'மறு உத்தரவு வரும் வரை லீவு நீட்டிக்கப்படுகிறது. பயணம் வேண்டாம்.' ரகுநாதனின் கடைசிக் கடிதம் அதற்குப் பின்னால், பல கைகள் மாறி, உறை கிழிந்து வந்தது. கப்பலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், வரிசை நீளமாக இருக்கிறது, துறைமுகங்களிலிருந்து தந்திகள் நின்றுவிட்டதால் டைப் அடிக்க ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தான். பிப்ரவரி பதினைந்தாம் தேதி சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. வேதாசலத்தின் லீவு முடிய வேண்டிய நாளும் அதுதான்.

அந்தப் பொங்கலைச் செல்லம்மா நன்றாகத்தான் கொண்டாடினாள். மார்ச்சில் மறுபடி ஜுரம் கண்டது. மே மாதம் ஒரு மத்தியானம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கையில் சாய்ந்தாள்.

காரியம் முடிந்ததும் நடேசன் தம்பியைக் கூப்பிட்டான்.

"டேய் வேதா, ஒர்க்‌ஷாப்ல கிளார்க்கு தேடறாங்க. யுத்த வேலை. நான் சொன்னா நாளைக்கே எடுத்துக்குவாங்க."

"நான் லீவுல இருக்கேன் அண்ணா. எழுத்துல உத்தரவு வாங்காம வேற வேலைக்குப் போகக் கூடாது."

"எந்த ஆபீசுடா? அந்த ஆபீஸ் எங்க இருக்குது? ஜப்பான்காரன் குதிரை கட்டியிருப்பான் அங்க."

"ஜெனீவால இருக்குது."

"எதுக்குடா இந்தப் பிடிவாதம்? இங்க சோத்துக்கு என்ன பண்ணப் போற?"

வேறு வேலையில் சேர்ந்தால் அந்த ஆபீஸ் இல்லை என்று தானே கையெழுத்துப் போட்டதாகும். ஆபீஸ் இல்லையென்றால் அந்த மேஜையும் இல்லை, அதன் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் இல்லை. இதை அண்ணனுக்கு எப்படிச் சொல்வதென்று வேதாசலத்துக்குத் தெரியவில்லை. விதியைச் சொல்வது சுலபமாக இருந்தது. இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகளுக்கு இலவசமாக டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தார். இலவசமாகச் செய்வதை விதி தடுக்கவில்லை. அதற்கு ஈடாக அவர்கள் மெஷினைக் கடிதம் அடிக்க விட்டார்கள்.

அந்த நாட்களில் லலிதாம்பாள்தான் ஆளனுப்பி அவரை வரச்சொன்னாள். ரகுநாதனைப் பற்றி யாரிடம் கேட்பது என்று அவளுக்கோ அவள் அப்பாவுக்கோ தெரியவில்லை. அந்த ஆபீசின் விலாசமும் பாஷையும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வேதாசலம் ஜெனீவாவுக்கு எழுதினார். டில்லியில் யுத்தக் கைதிகளைப் பற்றி விசாரிக்கும் இடத்துக்கு எழுதினார். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினார். ஒவ்வொன்றின் நகலையும் கொண்டுபோய் மாரேட்பள்ளியில் கொடுத்தார். லலிதாம்பாள் அதை வாங்கிப் பெட்டியில் வைப்பாள். குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. கொலுசு கமலாவின் காலுக்கு இறுக்கமாகி, ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கினார்கள்.

நாற்பத்துமூன்று ஏப்ரலில், பதினோரு மாதம் கழித்து, ஜெனீவாவிலிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். சிங்கப்பூர் கிளை மூடப்பட்டது. லீவில் இருந்த காரணத்தால் திரு. வேதாசலத்தின் ஒப்பந்தம் லீவோடு முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. இனி அவர் விருப்பம்போல் எந்த உத்தியோகமும் ஏற்கலாம். திரு. ரகுநாதனைப் பற்றித் தலைமையிடத்தில் தகவல் இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வேதாசலம் மாரேட்பள்ளிக்குப் போனார். போஸ்ட் மாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு மகளுக்குத் தமிழில் சொன்னார். லலிதாம்பாள் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். வேதாசலம் கிளம்ப எழுந்தபோதுதான் பேசினாள்.

"ஒண்ணு கேக்கணும். போன வாரம் மோண்டா மார்க்கெட்ல உங்க மன்னியைப் பாத்தேன். நவம்பர்லயே டாக்டர் உங்களைப் போகலாம்னு சொல்லிட்டாராமே?"

வேதாசலம் நின்றார்.

"சொன்னாரும்மா."

"இவர் எனக்கு எழுதியிருந்தார். முதலியார் ஆத்துல ரொம்ப மோசம், பாவம், நான் எப்படி வரேன்னு கேக்கறதுன்னு. நீங்கதானே மோசம்னு எழுதினேள்?"

"நான்தான் எழுதினேன்."

"ஏன்?"

அவர் வாய் திறந்தார். பொங்கல் வரைக்கும் இருக்கச் சொன்னாள் என்ற பதில் அந்த அறையில் சொல்லக்கூடியதாக இல்லை. செத்துப்போனவளின் மேல் போட்டுவிடுவதாக ஆகிவிடும்.

"எனக்கே இருக்கணும்னு தோணிச்சு" என்றார்.

போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் உங்களைச் சபிக்கல" என்றாள் லலிதாம்பாள். "லெட்டர் எழுதறதை நிறுத்திடாதீங்கோ. அதுக்கு எங்களுக்கு வேற மனுஷா இல்ல. நகலைத் தபால்ல அனுப்புங்கோ. ஆத்துக்கு வர வேண்டாம்."

அடுத்த வாரம் வேதாசலம் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். ஜெனீவாக் கடிதத்தை அத்தாட்சியாகக் காட்டினார். யாரும் கேட்காமலேதான் காட்டினார். டைம் ஆபீசில், யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் லீவு என்று எழுதும் வேலை. ஒரே ஷாப்பிலிருந்து இரண்டு பேர் ஒரே வாரத்துக்கு லீவு கேட்டு வருவார்கள். மற்ற கிளார்க்குகள், உங்களுக்குள் பேசிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். வேதாசலம் இரண்டு காகிதத்தையும் வாங்கி, தேதி போட்டு, மேலே அனுப்பிவிடுவார். யாராவது ஒருவர், "பரவாயில்ல சார், அவன் போகட்டும், நான் அப்புறம் எடுத்துக்கறேன்" என்றால் கோபம் வந்துவிடும். "அதைச் சொல்ல நீ யாரு? காகிதத்தக் குடுத்தியா, போ" என்பார். இதனால்தான் அவரைக் கறார் பேர்வழி என்றார்கள். மூன்று வருஷம் அவர் தனக்கென்று ஒரு நாள் லீவு எடுக்கவில்லை.

மாதம் ஒரு கடிதம் எங்காவது போய்க்கொண்டிருந்தது. நகல் மாரேட்பள்ளிக்குத் தபாலில் போனது. ஒன்றரை மைல்தான் தூரம்.

நாற்பத்தாறு பிப்ரவரியில் மெட்ராஸ் ராயபுரத்திலிருந்து பென்சிலில் எழுதிய ஒரு கார்டு வந்தது. லட்சுமணன் எழுதியிருந்தான். அவன் சிங்கப்பூர் ஆபீசில் பியூனாக இருந்தவன். கப்பலில் வந்து அக்கா வீட்டில் இருப்பதாகவும், ஐயரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, நேரில் வந்தால் நல்லது என்றும் இருந்தது. வேதாசலம் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். தற்காலிக ஊழியருக்குச் சம்பள லீவு கிடையாது. சம்பளமில்லாமல்தான் போனார்.

லட்சுமணன் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். முப்பத்தைந்து வயதுக்காரன், அறுபது வயதுக்காரனைப் போல இருந்தான். காலில் ஆறாத புண். அவரைப் பார்த்ததும் பழைய வழக்கப்படி எழுந்து நிற்கப் பார்த்தான்.

"படு லட்சுமணா. படுத்துக்கிட்டே சொல்லு."

"ஐயருக்குக் கப்பல் கெடைக்கலீங்க. மூணு தடவ துறைமுகத்துக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தாரு. அப்புறம் ஒரு வருசம் ஊருக்குள்ளயே இருந்தோம். மரவள்ளிக் கெழங்குதான். பொறவு ஆள் புடிச்சாங்க, சயாமுக்கு ரயில் பாத போடறதுக்கு. அவரு எழுதப் படிக்கத் தெரிஞ்சவருன்னு கணக்குப் புள்ளையாக் கூட்டிட்டுப் போனாங்க. நானும் அதே கேம்புதான்."

"என்ன ஆச்சு?"

"மழ ஆரம்பிச்ச புதுசு. காலரா வந்திருச்சு. ஒரு நாளைக்கு முப்பது பேரு, நாப்பது பேரு. தண்ணியக் காய்ச்சிக் குடிங்கடான்னு ஐயரு எல்லாருகிட்டயும் சொன்னாரு. வெறகு ஏதுங்க அங்க, அந்த மழையில? மூணாம் நாளு அவருக்கே வந்திருச்சு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"தேதி தெரியுமா?"

"தேதியெல்லாம் யாருக்குத் தெரியும்? நாப்பத்திமூணு. ஜூன் மாசமா இருக்கும். எல்லாரையும் ஒரே குழியில போட்டு எரிச்சாங்க."

வேதாசலத்துக்கு இன்னொரு கேள்வி இருந்தது. கேட்காமல் ரயில் ஏற அவரால் முடியாது.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?"

லட்சுமணன் அவர் முகத்தைப் பார்த்தான். ஆறுதலாக ஒன்றைச் சொல்லலாமா என்று யோசித்திருப்பான். ஆனால் அதற்கும் அவனிடம் தெம்பில்லை.

"ஒண்ணும் சொல்லலீங்க. அங்க யாரும் யாரப் பத்தியும் பேச மாட்டோம். சோத்தப் பத்தித்தான் பேசுவோம்."

வேதாசலம் மறுநாள் அவனைக் குதிரை வண்டியில் ஏற்றி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார். பார்த்தது இன்னது என்று ஓர் அஃபிடவிட் எழுதி, அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ரகுநாதன் டூட்டியில் இருந்தவன். அவன் குடும்பத்துக்குச் சேர வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு இந்தக் காகிதம் வேண்டும்.

சிகந்திராபாத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல், நேராக மாரேட்பள்ளிக்குப் போனார். வர வேண்டாம் என்று சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தது கமலா. ஐந்து வயது. அவரைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அம்மா, எவரோ வச்சாரு" என்று, யாரோ வந்திருப்பதைத் தெலுங்கில் கூவிச் சொன்னாள்.

லலிதாம்பாள் வந்தாள். அவரைப் பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினாள். பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் நின்றபடியே சொன்னார். லட்சுமணன் சொன்னதில் எதையும் கூட்டவுமில்லை, மறைக்கவுமில்லை. ஒரே குழி என்பதையும் சொன்னார்.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. உள்ளேயிருந்து அவள் அப்பா அழுகிற சத்தம்தான் கேட்டது.

"திதி வேணுமே" என்றாள். "என்னிக்குப் பண்றது?"

"தேதி தெரியலம்மா. ஜூன் மாசம்னான். மழை ஆரம்பிச்ச சமயம்."

"ஆனியா இருக்கும்" என்றாள். பிறகு, "நாப்பத்திமூணு ஆனி. நான் அப்போ குழந்தைக்கு மொட்டை போட்டுண்டிருந்தேன்" என்றாள்.

திதி தெரியாதவர்களுக்கு அந்த மாதத்து அமாவாசையில் செய்யலாம் என்று சாஸ்திரிகள் சொன்னார். ஜெனீவாவில் அந்த ஆபீசே கலைக்கப்பட்டு, கணக்கு முடிப்பவர்கள் மட்டும் இருந்தார்கள். அவர்களுக்கு அஃபிடவிட்டோடு எழுதி, இரண்டு முறை திருப்பிக் கேட்டதற்குப் பதில் எழுதி, மறு வருஷம் லலிதாம்பாளுக்கு ஒரு தொகை வந்தது. அதே கடிதக் கட்டில் வேதாசலத்துக்கும் ஒரு தாள் இருந்தது. பத்து வருஷம் முடித்தவர்களுக்கு ஓய்வுத்தொகை உண்டு, அவருக்குச் சம்பளமில்லா லீவைக் கழித்தால் நான்கு மாதம் குறைகிறது, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்றது. நடேசன் ஆட்சேபிக்கச் சொன்னான். வேதாசலம் செய்யவில்லை.

நாற்பத்தெட்டாம் வருஷம் நைஜாம் சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா சேராதா என்று பதற்றமாக இருந்தது. நைஜாம் பக்கத்து ரஜாக்கர் படையைப் பற்றித் தினம் ஒரு செய்தி. மெட்ராஸ் பக்கத்தில் உறவு இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஜூன் மாதம் போஸ்ட் மாஸ்டர் வீட்டார் கும்பகோணத்துக்குப் புறப்படுவதாக வேதாசலம் கேள்விப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார். இந்தத் தடவை அவரை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. போஸ்ட் மாஸ்டருக்குக் கண் மங்கிவிட்டது. படுக்கைகளைச் சுருட்டிக் கட்டுவது, ஜட்கா பேசுவது, ஸ்டேஷனில் கூட்டத்தில் இடம் பிடிப்பது எல்லாவற்றையும் வேதாசலமே செய்தார். கமலா ஜன்னலோரம் உட்கார்ந்து அவரிடம் தெலுங்கில் என்னென்னவோ கேட்டாள். அவரும் தெலுங்கிலேயே பதில் சொன்னார்.

வண்டி நகர்வதற்கு முன் லலிதாம்பாள் கேட்டாள். "நீங்க கிளம்பலையா?"

"எங்கம்மா போறது? இங்கதான்."

"அண்ணா ஆத்துல பாத்துக்கறாளா?"

"பாத்துக்கறாங்க."

அவள் தலையை ஆட்டினாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தவள்போல இருந்தது. அதற்குள் பின்னால் இருந்தவர்கள் ஒரு மூட்டையை ஜன்னல் வழியாகத் திணித்தார்கள். அவள் முகம் மறைந்துவிட்டது.

செப்டம்பரில் இந்தியப் பட்டாளம் வந்து, ஐந்து நாளில் எல்லாம் முடிந்து, ஒர்க்‌ஷாப் மறுபடி திறந்தது. தபால் ஒழுங்காக வர அக்டோபர் ஆகிவிட்டது. கும்பகோணத்திலிருந்து வந்த கார்டு ஒன்று நடேசன் வீட்டு விலாசத்துக்கு வந்தது. ஆனி அமாவாசையில் காவேரிக் கரையில் காரியம் நடந்தது, அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார், கமலாவை மூன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று, தமிழ் எழுத மிகவும் கஷ்டப்படுகிறாள், அங்கே கலவரம் என்று கேள்விப்பட்டோம், தங்கள் க்ஷேமத்துக்குப் பதில் எழுதவும் என்று லலிதாம்பாள் தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

வேதாசலம் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கார்டு வாங்கினார். மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, 'இங்கு க்ஷேமம். குழந்தைக்கு ஆசீர்வாதம்' என்று மட்டும் எழுதி, சங்கு ஊதுவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.